யாருடைய மனச்சோர்வு குடலில் தொடங்குகிறது?

குடலில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு மனச்சோர்வுக்கு மருத்துவம் செய்யலாம் என்று இன்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மருந்துக் கடைகளில் அதற்கான மாத்திரைகளும் வந்துவிட்டன. எண்ணம் மட்டும் புதியதல்ல. 1910ஆம் ஆண்டு லண்டன் பெத்லம் ராயல் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் போர்ட்டர் ஃபிலிப்ஸ், கடும் மனச்சோர்வில் இருந்த 18 பேருக்கு, லாக்டிக் அமில பாக்டீரியாவை உயிருடன் கலந்த பால் தெளிவைக் கொடுத்துப் பார்த்தார். இப்படிப்பட்ட நோயாளிகளிடம் அவர் சில உடற்குறிகளைக் கவனித்திருந்தார்: மலச்சிக்கல், எளிதில் உடையும் நகம், வெளிறிய முகம். நோய் மனத்தோடு நிற்காமல் உடம்பெங்கும் பரவியிருக்கிறது என்று கருதினார். 18 பேரில் 11 பேர் முழுக்கக் குணமடைந்தார்கள், 2 பேர் தேறினார்கள் என்று எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்டீரியா கொடுக்கப்படாத நோயாளிகளில் எத்தனை பேர் அதே காலத்தில் தேறினார்கள்? ஒப்பிடுவதற்கு அப்படி ஒரு குழு அவரிடம் இல்லை. மனச்சோர்வோ பலருக்குச் சில மாதங்களில் தானாகவே தணியக்கூடியது. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் 11 என்ற எண்ணால் எதையும் நிறுவ முடியாது.

ஃபிலிப்ஸ் தனியாளாக இதை யோசிக்கவில்லை. குடலில் தேங்கும் கழிவு நஞ்சாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது என்ற கொள்கை அப்போது ஐரோப்பாவெங்கும் செல்வாக்கோடு இருந்தது. 1908இல் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவ், பல்கேரியத் தயிர் ஆயுளை நீட்டிக்கும் என்று நம்பி அதைப் பரப்பினார். அதே காலத்து எண்ணங்களில் வேரூன்றிய இன்னொரு கதை அமெரிக்காவில் நடந்தது. அதை நாம் மறக்கக் கூடாது. நியூ ஜெர்சியின் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், மனநோய்க்கெல்லாம் மூலம் உடம்பில் ஒளிந்திருக்கும் கிருமித் தொற்றே என்று முடிவுகட்டினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். டான்சில் சதையை அறுத்தார். பெருங்குடலையே வெட்டி எடுத்தார். எண்பது சதவீதத்துக்கு மேல் குணமாகிறது என்று சொல்லிக்கொண்டார். பெருங்குடல் அறுவைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் இறந்ததாக அவர் தந்த கணக்கே சொல்கிறது. 1920களில் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற மருத்துவர் நேரில் போய் ஆராய்ந்து, அந்தக் குணக்கணக்கு பொய் என்று அறிக்கை எழுதினார். அது வெளியிடப்படவே இல்லை. பின்னர் 1950களில் மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வந்தன, குடல் என்ற பேச்சு மனநல மருத்துவத்திலிருந்து மறைந்தது. கேள்விக்கு விடை கிடைத்து அது மறையவில்லை. அவப்பெயராலும் புது மருந்துகளின் வருகையாலும் கைவிடப்பட்டது, அவ்வளவுதான்.

கைவிடப்பட்ட கேள்வியை 2004இல் மறுபடி எழுப்பியவர்கள் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பிறந்தது முதல் எந்தக் கிருமியும் அண்டாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளைச் சிறிது நேரம் அசையவிடாமல் அடைத்துவைத்தால், அவற்றின் உடலில் நெருக்கடி ஹார்மோன்கள் சாதாரண எலிகளைவிட மிக அதிகமாகச் சுரந்தன. ஒரே ஒரு வகை பிஃபிடோ பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் அந்த மிகை அடங்கியது. பொதுவான குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தபோது, இளம் வயதில் கொடுத்தால்தான் பலன் இருந்தது. காலம் கடந்தபின் இல்லை. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரத்து ஆய்வாளர்கள் ஜே.பி.-1 என்ற லாக்டோபாசில்லஸ் இனத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். தண்ணீரில் விடப்பட்ட எலி நீந்துவதைக் கைவிட்டு அசையாமல் மிதக்கும் நேரம் குறைந்தது. நெருக்கடி ஹார்மோனும் குறைந்தது. அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். பாக்டீரியாவின் விளைவு நின்றுபோனது. அந்த நரம்பின் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை. மற்ற மருத்துவத்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு இதே நரம்பை மின்கருவியால் தூண்டும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2005இலேயே அனுமதித்திருந்தது. ஆக, பாதை இருக்கிறது என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு.

இரண்டாவது பாதை நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாகப் போகிறது. என் பார்வையில் மனிதர்களுக்கு இதுதான் பெரிதும் பொருந்துவது. குடலில் சில பாக்டீரியாக்கள் நாம் உண்ணும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடற்சுவரின் செல்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். அந்தச் சுவர் தளர்ந்தால், வேறு சில பாக்டீரியாக்களின் உறைத் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்து உடலெங்கும் மெல்லிய அழற்சியை உண்டாக்கலாம். அழற்சி மனத்தை மாற்றுமா என்றால், மாற்றும். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமாக இருந்த 20 ஆண்களுக்கு சால்மோனெல்லா கிருமியின் உறைப்பொருளை மிகச் சிறிய அளவில் ஊசி வழியே செலுத்தினார்கள்; சில மணி நேரத்தில் அவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் கூடின, நினைவாற்றல் தற்காலிகமாகக் குறைந்தது. ஹெபடைடிஸ்-சி நோய்க்கு முன்பு கொடுக்கப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசி நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கிளறிவிடும் மருந்து. அதைப் பெற்றவர்களில் கணிசமானோர் உண்மையான மனச்சோர்வு நோய்க்கு ஆளானதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அழற்சி ஏறினால் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் செரட்டோனினாக மாறும் வழியை விட்டு, கைனுரெனின் என்ற வேறு வழியில் திருப்பப்படுகிறது. அந்த வழியில் பிறக்கும் சில பொருள்கள் நரம்புச் செல்களுக்குக் கேடானவை. இங்கே ஒரு சிறு குறுக்கீடு. உடலின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது, ஆகவே குடல் நலமானால் மனம் மலரும் என்று பலரும் சொல்கிறார்கள். முதற்பாதி உண்மை. ஆனால் குடலில் உருவாகும் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. செரட்டோனின் குடலில்தான் உருவாகிறது என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து மாத்திரை விற்பவரிடம் விலகி நிற்பது நல்லது.

பாதைகள் இருப்பது ஒன்று. அவற்றின் வழியே மருத்துவம் செய்ய முடிவது வேறொன்று. எலிகளிடம் அத்தனை பலன் தந்த ஜே.பி.-1 பாக்டீரியாவை அதே கார்க் குழுவினர் நலமான 29 ஆண்களுக்குக் கொடுத்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மனநிலையிலும் நெருக்கடி ஹார்மோனிலும் எந்த வேறுபாடும் இல்லை. தங்கள் கண்டுபிடிப்பு மனிதரிடம் பலிக்கவில்லை என்பதைத் தாங்களே அச்சிட்ட அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். மனச்சோர்வு நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களை எலிகளுக்கு மாற்றினால் எலிகளும் சோர்வின் குறிகளைக் காட்டுகின்றன என்று 2016இல் அயர்லாந்திலும் சீனாவிலும் நடந்த ஆய்வுகள் தலைப்புச் செய்தியாயின. ஆனால் 2020இல் ஜென்ஸ் வால்ட்டரும் அவருடைய சகாக்களும், மனிதக் குடல் பாக்டீரியாவை எலிக்கு மாற்றிப் பல்வேறு நோய்களை ஆராய்ந்த 38 ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள். 36 ஆய்வுகள், அதாவது 95 சதவீதம், நோய் எலிக்கு மாறியது என்றே சொல்லியிருந்தன. இத்தனை நோய்களும் இவ்வளவு சுலபமாகப் பாக்டீரியா வழியே மாறும் என்றால் மருத்துவத்தின் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். சோதனை முறையில் ஏதோ எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்கிறது என்று அவர்கள் எழுப்பிய ஐயம் நியாயமானது.

மனிதரிடம் நேரடியாகப் பார்த்த ஆய்வுகளில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி ஆய்வு சிறந்தது. 1,054 பேரின் மலத்தை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அந்த முடிவின்படி, மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரு வகைகள் குறைந்திருந்தன. மனச்சோர்வு மருந்துகளின் விளைவைக் கழித்துப் பார்த்தபின்னும் குறைவு நீடித்தது. காப்ரோகாக்கஸ், சற்று முன் சொன்ன பியூட்டிரேட்டைத் தரும் வகை என்பதால் கதை பொருந்திவருகிறது. எனினும் எது முந்தியது? சோர்ந்தவர் சரியாக உண்பதில்லை, நடமாடுவதில்லை, தூக்கம் கெடுகிறது, மலம் இறுகுகிறது. இதே ஃபிளாண்டர்ஸ் திட்டம் 2016இல் கண்டது என்னவென்றால், குடல் பாக்டீரியாக்களின் அமைப்பை மற்ற எந்தக் காரணியையும்விட அதிகமாக விளக்குவது மலத்தின் இறுக்கம்தான் என்பது. அவர்கள் கணக்கில் எடுத்த காரணிகள் அனைத்தும் சேர்ந்தும் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் எட்டு சதவீதத்தைக்கூட விளக்கவில்லை. மருந்துகளின் பங்கும் கனமானது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியா இனங்கள்மேல் சோதித்து, கிருமியைக் கொல்வதற்கென்று செய்யப்படாத மருந்துகளிலும் 24 சதவீதம் ஏதேனும் ஒரு குடல் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 2018இல் காட்டினார்கள். மனநோய் மருந்துகள் அவற்றில் மிகுந்திருந்தன. ஆகவே மலப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் சோர்வுக்குக் காரணம் இந்தப் பாக்டீரியா குறைந்ததுதான் என்று ஒருவர் சொன்னால், அதற்கு இன்றைய அறிவியலில் ஆதாரம் இல்லை.

காரணத்தை விட்டு மருத்துவச் சோதனைக்கு வருவோம். இறுதியில் நோயாளிக்கு வேண்டியது அதுதான். நியூசிலாந்தில், மனநல மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாமல் சோர்ந்திருந்த 79 பேருக்கு இரண்டு பாக்டீரியா கலந்த பொடியையும் வெற்றுப் பொடியையும் பிரித்துக் கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவு: வேறுபாடு இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில், மருந்து எடுத்தும் போதிய அளவு தேறாத 49 நோயாளிகளுக்கு, அந்த மருந்தைத் தொடர்ந்தபடியே 14 பாக்டீரியா இனங்கள் அடங்கிய, புரோபயாடிக் எனப்படும் மாத்திரையோ வெற்று மாத்திரையோ எட்டு வாரம் கொடுக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவு: இரு குழுவும் தேறியது, பாக்டீரியா பெற்ற குழு கூடுதலாகத் தேறியது. இந்த இரண்டும் தற்செயலான முரண் அல்ல. ஏழு சோதனைகளையும் 404 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் இதே கோட்டைத்தான் வரைந்தது: வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பலன், தனியாகக் கொடுத்தால் பலன் இல்லை. மூன்றில் ஒருவர்தான் முதல் மருந்திலேயே முழுக்கத் தேறுகிறார் என்ற நிலையில், துணைக்கு ஒரு பொருள் உதவுமானால் அது சிறிய செய்தி அல்ல. ஆனால் 49 பேரை வைத்து எவரும் ஒரு மருத்துவ முறையை நிறுவ முடியாது. அந்த ஆய்வாளர்களே அதை முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள்.

இத்தனை சான்றுகளும் ஏன் இப்படி இழுபறியாக இருக்கின்றன? கேள்வியைத் தவறாகக் கேட்கிறோம் என்பது என் வாதம். எந்தப் பாக்டீரியா மனச்சோர்வைக் குணப்படுத்தும் என்று கேட்கிறோம். யாருடைய மனச்சோர்வு குடல் வழியே வருகிறது என்று கேட்க வேண்டும். மனச்சோர்வு என்பது அறிகுறிகளின் கூட்டத்துக்கு இட்ட பெயர். உள்ளே பல நோய்கள் இருக்கின்றன. இதற்கு நான் காட்டும் சான்று பாக்டீரியா ஆய்விலிருந்தே வரவில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரைசன் குழுவினர், மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுள்ள 60 பேருக்கு, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அழற்சித் தடுப்பு மருந்தையோ வெற்று மருந்தையோ செலுத்திப் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வெற்று மருந்தைவிட அது மேலாக இல்லை. ஆனால் இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் மருந்து பலன் தருவதாகத் தெரிந்தது. புரதம் குறைவாக இருந்தவர்களிடம் வெற்று மருந்தே மேலாக இருந்தது. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தபோது உண்மை மறைந்துவிட்டது. மனச்சோர்வு நோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினருக்குத்தான் அந்தப் புரதம் 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது. மீதி முக்கால் பங்கினரையும் சேர்த்துக்கொண்டு பாக்டீரியாவைச் சோதித்தால் பலன் நீர்த்துப் போவதில் வியப்பில்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகச் சோதனை இதற்கு வலுவூட்டுகிறது. அங்கே எடுத்துக்கொண்டவர்கள் எரிச்சல் குடல் நோயும் மிதமான மனத்தொல்லையும் சேர்ந்திருந்த 44 பேர். ஆறு வாரத்துக்குப் பின் பிஃபிடோ பாக்டீரியா பெற்ற 22 பேரில் 14 பேருக்கும், வெற்றுப் பொருள் பெற்ற 22 பேரில் 7 பேருக்கும் மனச்சோர்வு மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. குடலில் கோளாறு இருப்பவரைத் தேர்ந்து பார்த்தபோது பலன் தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. வயிற்று உபாதை தணிந்ததால் மனம் இலேசானது, இதில் மூளைக்குச் செல்லும் தனிப் பாதை எதற்கு என்று கேட்கலாம். மக்மாஸ்டர் சோதனையை மட்டும் வைத்து இதை முற்றாக மறுக்க முடியாது; அச்சத்தைத் தூண்டும் படங்களைக் காட்டியபோது மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் குறைவாகக் கிளர்ந்ததை ஸ்கேனில் கண்டார்கள் என்பது அதற்கு ஓரளவே பதில். அழற்சி இருப்பதாலேயே அது குடலிலிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்வீர்கள் என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. உடல் பருமனாலும் ஈறு நோயாலும் புகையிலையாலும் சி.ஆர்.பி. ஏறும். ஆகவே அந்த ஒரு எண் போதாது. குடல் அறிகுறி, உணவுப் பழக்கம், அண்மையில் எடுத்த ஆன்டிபயாடிக் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே நோயாளிகளைப் பிரிக்க வேண்டும். வேறொரு பக்கமிருந்து, வயிற்றுப் புண்ணை ஒரு காலத்தில் மனக்கவலையின் விளைவு என்றார்கள், பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குப் பின்னால் ஒரு பாக்டீரியாவைக் காட்டி 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள், மனச்சோர்வும் அப்படித்தான் ஆகும் என்று ஆர்வலர்கள் சொல்வார்கள். அங்கே ஒரு கிருமி இருந்தது, அதைக் கொன்றதும் புண் ஆறியது, மீண்டும் வருவதும் அரிதானது. இங்கே அப்படி ஒரு கிருமியை எவரும் காட்டவில்லை. நம் குடலில் இருப்பவை ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள். அவற்றின் கூட்டமைப்பு வீட்டுக்கு வீடு வேறு. வறுமை, கடன், வன்முறை, இழப்பு ஆகியவற்றால் சோர்ந்தவருக்கு மாத்திரை கொடுப்பது காரணத்தை மறைப்பதாகும் என்ற சமூக அறிவியலாரின் மறுப்பையும் நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நெடுநாள் நெருக்கடி குடற்சுவரையும் எதிர்ப்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடியது; சமூகக் காரணமும் உடல் பாதையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. கடனைத் தீர்க்கும் பாக்டீரியா கிடையாது என்பதும் உண்மை.

தயிர் சாப்பிட்டால் போதாதா என்ற கேள்வி நம் அவையில் வராமல் இராது. தயிர் நல்ல உணவு. ஆனால் புரோபயாடிக் ஆய்வுகள் பெயரும் எண்ணும் இட்ட குறிப்பிட்ட இனங்களைக் குறிப்பிட்ட அளவில் சோதித்தவை. வீட்டு உறைமோரில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இட்லி மாவில் பாக்டீரியா பெருகுவது உண்மை, ஆவியில் வெந்தபின் அவை உயிரோடு இருப்பதில்லை. உணவைப் பற்றிய நல்ல சான்று வேறிடத்தில் இருக்கிறது: ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் மனச்சோர்வுள்ள 67 பேரிடம் நடந்த சோதனையில், காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்றிக்கொண்டவர்களில் 32 சதவீதம் பேர் 12 வாரத்தில் நோயிலிருந்து மீண்டார்கள், பேச்சுத் துணை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். தான் உண்பது என்ன என்பது உண்பவருக்குத் தெரியும் என்பதால் எதிர்பார்ப்பின் பங்கை இங்கே பிரித்தெடுக்க முடியாது. பலன் குடல் வழியே வந்ததா என்பதையும் அச்சோதனை காட்டவில்லை. உணவாவது போகட்டும், எப்படியும் கெடுதல் இல்லையே என்று மாத்திரைக்கும் சொல்லிவிட முடியாது. இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 2018இல் காட்டியது இது: புரோபயாடிக் சிலர் குடலில் தங்குகிறது, சிலர் குடலில் தங்குவதே இல்லை, ஆன்டிபயாடிக் எடுத்தபின் அதை விழுங்கியவர்களுக்கு அவர்களுடைய சொந்தப் பாக்டீரியாக்கள் மீண்டு வரத் தாமதமானது. நலமானவரின் மலத்தை நோயாளியின் குடலில் செலுத்தும் மல மாற்று மருத்துவம் இன்னும் கவனத்துக்குரியது. திரும்பத் திரும்ப வரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசைல் தொற்றுக்கு அது மிகச் சிறந்த சிகிச்சை. ஆனால் கொடையாளரின் மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை இருந்ததால் நோயாளி ஒருவர் இறந்ததை 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அறிவித்தது. மனச்சோர்வுக்காக வீட்டிலேயே இதைச் செய்துபார்க்கச் சொல்லும் காணொளிகள் குற்றத்துக்கு அருகில் நிற்பவை.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஆய்வு நிறுவனங்கள் சிறு சிறு சோதனைகளை அடுக்குவதை நிறுத்தி, அழற்சியும் குடற்கோளாறும் உள்ள மனச்சோர்வு நோயாளிகளை முன்கூட்டியே பிரித்தெடுத்து, நூற்றுக்கணக்கானோரைக் கொண்ட, வணிக நிறுவனப் பணம் கலவாத சோதனைகளை நடத்த வேண்டும். அழற்சி இல்லாதவர்களையும் அதே சோதனையில் தனிக் குழுவாக வைக்க வேண்டும். அவர்களுக்கும் சமமாகப் பலன் கிடைத்தால் என் வாதம் தோற்கும், அதை ஏற்றுக்கொள்வேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் தந்த வழிகாட்டுதல்கள், புரோபயாடிக் உணவு எந்த இனத்தைக் கொண்டது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், நலன் பற்றிய உரிமைகோரலுக்கு மனிதரிடம் செய்த சோதனை வேண்டும் என்கின்றன. மனநலம் என்ற சொல்லை அட்டையில் அச்சிடும் எந்தப் பொருளுக்கும் அரசு அவற்றைக் கண்டிப்பாக்க வேண்டும். உங்களிடம் கேட்பது எளிது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர், பாக்டீரியாவை நம்பி அந்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது; மனச்சோர்வு நோயாளிகளிடம் பலன் தந்த பாக்டீரியாச் சோதனைகள் பெரும்பாலும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தவை. வயிற்றுக் கோளாறும் சேர்ந்திருந்தால் அதை மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவருக்கு எந்தப் புட்டியும் உதவாது. அவர் இன்றே ஒரு மருத்துவரிடம் போக வேண்டும், அல்லது நடுவண் அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணில் தமிழிலும் பேசலாம்.